சனிக்கிழமை மேசை

தகனக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில், பச்சை இலை வரைந்த மதுவிடுதிப் பலகைக்குக் கீழே அவள் காரை நிறுத்தச் சொன்னாள். கணவரின் மூக்குக்கண்ணாடி உள்ளே இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அவர் அங்கேதான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, போய்ச் சேர்ந்தார்.

டிரைவரை அனுப்பலாம் என்றார் கணவரின் அண்ணன். ஊரில் பல சங்கங்களுக்குத் தலைவர் என்பதால் வீட்டிலும் அவருக்குத் தலைவர் என்றே பெயர். மதுவிலக்குச் சங்கமும் அவற்றில் ஒன்று. இரங்கல் செய்தியில் தம்பி 'வாசகசாலையில் காலமானார்' என்று எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டிருந்தார். வாசகசாலை என்பது சனிக்கிழமைதோறும் தம்பி வீட்டில் சொல்லிவிட்டுப் போன பொய். அண்ணன் அதை அச்சேற்றி உண்மையாக்கிவிட்டார்.

"நானே வாங்கிக்கறேன் அத்தான். நீங்க கார்லயே இருங்க."

அவர் இருக்கவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று கைக்குட்டையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பெருந்துக்கம் போலிருக்கிறது என்று வாசற்காவலர் பணிவாகக் கதவைத் திறந்துவிட்டார்.

அவளுடைய பயம் ஒன்றுதான். முதல் மாரடைப்புக்குப் பிறகு அவருடைய இதயத்துக்கு அவள்தான் காவல். காவலுக்குத் தெரியாமல் இங்கே வந்து குடித்துக்கொண்டிருந்தாரா? ஆனால் உள்ளே கால் வைத்ததும் பயத்தை முந்திக்கொண்டு கண் அலைந்தது. ஐரிஷ் விடுதி என்றால் பகலிலும் இருட்டாக இருக்க வேண்டும் போலும். சுவரில் நரம்பில்லாத வயலின், ஒற்றை பூட்ஸ், துருப்பிடித்ததுபோல் வர்ணம் அடித்த கெட்டில். கணப்பில் விறகுக்குப் பதில் சிவப்பு பல்பு எரிந்தது. எல்லாவற்றிலும் இருநூறு வருடப் பழமை. அதற்கு முன் இங்கே செருப்புக் கடை இருந்தபோது அவள் மகளுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வாங்கியிருக்கிறாள்.

பரிமாறும் பெண் கண்ணாடியை ஓர் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். அங்கிள் உட்காரும் இடம் என்று மூலை மேசையைக் காட்டினாள். அவள் போய் உட்கார்ந்தாள். தலைவர் நின்றார், நின்றால்தான் அதிகம் தெரிகிறது என்று பட்டதும் உட்கார்ந்தார்.

"அவர் என்ன சாப்பிடுவாரோ அதையே கொண்டு வாம்மா."

"குடிக்க ஒண்ணும் வேணாம்," என்றார் தலைவர், கூரையைப் பார்த்து.

"அங்கிள் குடிக்க மாட்டாருங்க. வெறும் தண்ணிதான். முதலாளிக்கே அதுல வருத்தம்."

தலைவரின் முகத்தில் மேடை வெளிச்சம் விழுந்தது. மதுவின் கோட்டைக்குள்ளேயே மதுவைத் தொடாமல் வாழ்ந்தவன் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இரங்கல் கூட்டத்துக்கு நல்ல வாக்கியம். அதைச் சொன்னால் வாசகசாலை என்னாவது என்பதுதான் சிக்கல்.

அவளுக்கு நிம்மதி வரவில்லை. "அப்புறம் எதுக்கும்மா வந்தாரு?"

பெண் உள்ளே போய், விரல் தடிமனில் உருளைக்கிழங்கு வறுவல் குவித்த தட்டோடு வந்தாள். பக்கத்தில் உப்புக் குப்பியை வைத்தாள்.

"இதுக்குத்தான். குப்பியக் கவுத்துத் தட்டுத் தட்டுன்னு தட்டுவாரு. வீட்டுல உப்பில்லாத சாப்பாடாமே. 'எனக்காக அவளும் நாக்கக் கட்டிப் போட்டுட்டா, அவகிட்ட எப்படிக் கேக்கறது'ன்னு சொல்வாரு."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கக் கூட்டத்துக்கு வராததற்காகத் தலைவர் ஒருமுறை தம்பியைப் பிடித்து, நீ உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாயா என்று கத்தியது நினைவுக்கு வந்தது. இல்லண்ணே என்று அவர் பணிவாகச் சொன்னதும்.

தலைவர் பக்கத்து மேசையில் நுரை ததும்பிய கறுப்புக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது காபியா என்று பெண்ணிடம் விசாரித்தார். இல்லை என்றாள். அவர் மேலும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அவள் குப்பியைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். கை தானாக நின்றுவிட்டது. உறையைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். சட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாகத் துகள் ஒட்டியிருந்தது. துடைக்க முந்தானையை எடுத்தவள், துடைக்காமலே உறையை மூடினாள்.

பிறகு குப்பியை மறுபடி கவிழ்த்தாள்.