மேல் தெருவுக்கு ஏறிய தண்ணீர்

"ஜெபத்துக்குப் போற அன்னிக்கு மட்டும் ஏம்பா உனக்கு இவ்ளோ கோவம் வருது?"

மகள் சினேகா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அருள்ராஜ், "பைபிள எடு, டைம் ஆவுது!" என்று கத்தினார். இப்போது அவள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

வேங்கிக்கால் ஊரை ஒட்டிய ஒரு குடியிருப்பு நகரில் குடிதண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. சபையிலோ அவருக்கு இல்லாத வேலை கிடையாது. அந்த மாதம் முழுக்க ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கான ஓட்டம். அலங்கார வளைவு, சீரியல் விளக்கு, பிரியாணிக்கு ஆள். வால்வைத் திறப்பார், ஓடுவார். மேல் தெரு மேட்டில் இருக்கிறது. கீழ்த்தெரு வால்வை மூடிவிட்டுக் காவல் நின்றால்தான் அங்கே தண்ணீர் ஏறும். நகர்ந்தால் யாராவது ஸ்பேனரோடு வந்து திறந்துவிடுவார்கள். நிற்க அவருக்கு நேரமில்லை.

பண்டிகை ஞாயிறு. முந்தைய நாள் மின்வெட்டால் தள்ளிப்போன தண்ணீரைக் காலையில் வந்து திறந்தார். வெள்ளைச் சட்டை, கண் நிறையத் தூக்கம். பவனியில் பிஷப் ஐயாவுக்கு முன்னால் சிலுவை பிடித்துப் போகப் போவது அவர்தான். பல வருட ஆசை.

மேல் தெரு ஜோதியம்மாள் கீழ்த்தெருக் குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா அருளு, மாப்ள மாதிரி கீற?"

"பிஷப் வராருக்கா. அண்ணன் எப்டி இருக்காரு?"

"அப்டியேதான். கை கால் வரல. பெட்சீட்ட தினம் அலசணும். இங்கேருந்துதான் தூக்கினு போறேன், ஒரு மாசமா மேல ஏறலயே." குறை சொல்லும் குரல் இல்லை. களைப்பு மட்டும். "நீ போப்பா, உனக்கு லேட்டாவுது."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார். மேட்டில் கால் இடறியது. சுவரைப் பிடித்து நின்று, மறுபடி ஏறினார்.

அருள்ராஜ் டைபாய்டில் கிடந்த நாட்களில் விடியற்காலையில் வந்து இதே வால்வைத் திறந்து மூடியவர் ஜோதியம்மாளின் கணவர், இப்போது படுக்கையில் கிடக்கும் தசரதன். அருள்ராஜின் வேலை தப்பியது அதனால்தான். செய்ததைத் தசரதன் யாரிடமும் சொன்னதில்லை. நன்றி சொல்லப் போனபோதும், "இன்னாத்துக்கு?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அருள்ராஜ் வால்வுக் குழியில் இறங்கிக் கீழ்த்தெரு வால்வை மூடினார். சட்டைக் கையில் துரு பட்டது. போன் அடித்தது. சபைச் செயலாளர் அறிவுச்செல்வன்.

"எங்கய்யா கீற? பிஷப் கார் பைபாஸ் தாண்டிடுச்சி!"

"மேல் தெருவுக்குத் தண்ணி ஏறலங்க."

"தண்ணியா? இன்னிக்கா? சிலுவைய யாரு புடிக்கிறது?"

"யார்னா புடிங்க. கனம் கம்மிதான்."

போனை அணைத்துவிட்டுக் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வலித்தது. மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்தை, வெகு நாளைக்குப் பிறகு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். யார் மேலும் கோபம் வரவில்லை.

மேலே எங்கோ குழாய் முதலில் காற்றை உமிழ்ந்தது. பிறகு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம்.

"ஏங்க, வந்துடுச்சிங்க!" ஜோதியம்மாள் வீட்டுக்குள் பார்த்துச் சொல்வது கேட்டது. அருள்ராஜ் எப்போதோ சர்ச்சுக்குப் போயிருப்பார் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

குடங்கள் நிரம்பி, அடுத்து டிரம்மும் நிரம்பிச் சத்தம் மாறும் வரை, ஆளில்லாத தெருவில் அருள்ராஜ் வால்வின் அருகிலேயே இருந்தார்.