மச்சானின் சிவப்பணுக்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மச்சானின் மூக்கை உடைப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். நில அளவையாளர். காட்டுக்குள் சாலை போட அளக்கப் போய், முகாமில் தங்கி, காய்ச்சலோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தவர். முன்னறைக் கட்டிலில் படுத்தபடி, பேனா பிடிப்பது முதல் பெண்டாட்டியோடு பேசுவது வரை எனக்குப் பாடம் எடுத்தவர்.

முதல் வரி இது:

"நான் ஒரு சிவப்பணு. என் எஜமானரின் நெஞ்சிலிருந்து..."

அடித்துவிட்டேன். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. பிராணவாயுவைச் சுமந்துகொண்டு ஓடுவதோடு சரி. சொந்தமாக ஒரு நினைப்பும் இல்லை. நினைப்பில்லாதவர்கள் 'நான்' என்று கதை சொல்வது புதிதல்லதான். ஆனாலும் கூட்டம் ஏற்கெனவே அதிகம்.

2

அந்தக் காய்ச்சலைக் கொடுத்த ஒட்டுண்ணியை வைத்து எழுதிப் பார்த்தேன்:

"கொசுவின் முதுகில் ஓசிப் பயணமாக வந்து, கல்லீரலில் கொஞ்ச நாள் பதுங்கி, பிறகு சிவப்பணு என்னும் அடுத்தவன் வீட்டு முன்னறையில் காலை நீட்டிக்கொள்கிறது. இருக்கிற ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்ற மிச்சத்தை மூலையில் குவிக்கிறது. குடும்பம் பெருகியதும் வீட்டை உடைத்துக்கொண்டு அத்தனை பேரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். மனிதனுக்குக் குளிர் உலுக்கி எடுப்பது அப்போதுதான்."

தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்.

"இது எங்க அண்ணனைத்தானே சொல்றீங்க?"

"ஒட்டுண்ணியைச் சொல்றேன்."

"முன்னறையில காலை நீட்டிக்கிட்டு, தின்னுட்டு, மூலையில போடுதா? எனக்கு ஒண்ணும் புரியாதுன்னு நினைச்சீங்களா?"

(கொசுவின் முதுகில் அல்ல, எச்சிலில். அதையும் அவள் விடவில்லை.)

ஆகவே கதை அவள் பக்கம் போகிறது.

3

அவளுக்குத் தையல்கடை. மதியம் வீட்டுக்கு வந்தபோது, இருந்த போர்வை அத்தனையையும் இழுத்துப் போர்த்தியும் கட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ணா."

"வெயில் சூடுடி இது. எனக்குத் தெரியாதா?"

வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் அண்ணன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா? ரத்தப் பரிசோதனைங்கிறதே லேப்காரன் பொழைக்கிறதுக்குக் கண்டுபிடிச்சது."

அவள் போர்வைகளை மடித்து, கைக்கெட்டும் இடத்திலேயே வைத்தாள். அடுத்த நாள் மறுபடியும் குளிர். தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவர் கை டம்ளரைத் தாண்டிக் காற்றைப் பிடித்தது. அளவில் ஒரு விரற்கடை பிசகாத மனிதர்! சுவரைப் பார்த்து, "அளக்கற சங்கிலியை நல்லா இழுத்துப் பிடிய்யா, கோணலாகுது" என்றார்.

"ஏங்க! அந்தப் பக்கம் தூக்குங்க. எழுதறதை அப்புறம் எழுதிக்கலாம்."

4

ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா நின்றபடியே சொன்னார்:

"மலேரியாம்மா. அதுலயும் பொல்லாத வகை. கிருமி உள்ளே புகுந்த அணுவோட மேல்தோல்ல குட்டிக் குட்டியா முடிச்சு வந்துடும். மண்ணீரல் பக்கம் போனா அழிச்சிடும் இல்லையா, அதனால போகாம ரத்தக்குழாய்ச் சுவத்துலயே ஒட்டிக்கும். மூளையில இருக்கிற மெல்லிசு குழாய்ங்க அடைச்சுக்குது. அதான் அண்ணன் தடுமாறுறாரு."

"பொழைச்சுக்குவாரா?"

"ஊசி போட்டாச்சு. முன்னாடியே வந்திருக்கலாம்."

(முடிச்சையும் தையல்காரியையும் சேர்த்து இங்கே ஓர் அழகான வரி வரவேண்டியது. அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம்.)

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும்போது அண்ணன் பாதிக் கண் திறந்தார். தங்கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, அவளைக் கீழே இழுத்து, காதோடு ஏதோ சொன்னார். அவள் அவர் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்டது.

5

முடிவு ஒன்று: மச்சான் கண்ணை மூடிவிடுகிறார்.
("உருப்படுவீங்களா நீங்க?" அடித்தாயிற்று.)

முடிவு இரண்டு: மச்சான் பிழைத்து, திருந்தி, என் கையைப் பிடித்து...
(எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

நடந்தது: பிழைத்தார். தெளிந்ததும் பக்கத்துக் கட்டில்காரரிடம், "மலேரியான்னு முதல் நாளே சொன்னேன் சார். இவங்கதான் கேக்கலை" என்றார்.

அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "ஆமாண்ணா" என்றாள்.

என் ரத்தம் கொதித்தது, கிருமியின் உதவி இல்லாமலே. வீட்டுக்கு வந்ததும் அவர் காதோடு சொன்னதை அப்படியே எழுதினேன். ஒரே வரி. அது அச்சில் வந்தால் ஆள் ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டார்.

அவள் படித்தாள்.

"இதை எடுத்துருங்க."

"இதுதான் கதையே."

"அது எங்கிட்ட சொன்னது. உங்க கதைக்குச் சொன்னதில்லை."

எடுத்துவிட்டேன். மிஞ்சியது இதுதான்:

மச்சான் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "                    " என்றார்.

இடம் தாராளமாக விட்டிருக்கிறேன். சாவுக்குப் பயந்த ஒரு மனிதர் யாரிடம் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால் என்னிடம் காட்டவேண்டாம். நான் அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.