பிறந்த வீட்டு மிஷின்

ஓமலூர் வெள்ளியங்கிரி பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மடிப்புக் கலைத்துத் தங்கையின் மேல் விரித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஓர் ஆள் இரண்டு அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்தான். கழுத்தில் டை கட்டியிருந்தான்.

"வள்ளியாத்தாம்மா ஊடு இதானுங்களா?"

கேட்டபிறகுதான் கூட்டத்தைப் பார்த்தான். நடுவீட்டில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்தான். டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

வள்ளியாத்தாள் அன்று காலையில் டிவிப் பெட்டியின் மேல் படிந்திருந்த மாவைத் துடைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே கீழே உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. ராசிபுரத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட அந்த வீட்டுக்குப் பின்னால்தான் கணவர் அப்புசாமியின் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரி. கிழங்கு மாவு நாளெல்லாம் பறந்து வந்து வீட்டுக்குள் உட்காரும். விருந்தாளி வந்தால் முதலில் நாற்காலியைத் துடைப்பாள். அவர் எழுந்து போனதும் மறுபடியும் துடைப்பாள். "உங்கத்தைக்குப் பயந்துக்கிட்டு மாவுகூடச் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள வரும்" என்று மருமகள் சௌந்திரத்திடம் அப்புசாமி சொல்வார்.

"யாரப்பா நீ?" என்றார் அப்புசாமி.

"அருணகிரிங்க. சேலத்துல இருந்து வாரேன். தூசி உறிஞ்சற மிஷின், வேக்குவம் கிளீனருங்க. ரெண்டு தினுசு எடுத்துட்டு இன்னைக்கு வரச் சொல்லியிருந்தாங்க அம்மா." அவன் தயங்கினான். "இன்னைக்குச் சந்தைக்கு அவங்க ஓமலூர் அண்ணன் வருவாரு, அவருதான் வாங்கித் தர்றாரு, அவரே பாத்து ஒண்ணை எடுத்துக்குவாருன்னு சொன்னாங்க."

அழுதுகொண்டிருந்த பொன்னாத்தாள் அழுகையை நிறுத்தினாள். அப்புசாமிக்கு மூத்தவள் அவள்; நாத்தனார் என்ற அதிகாரத்தை ஒரு நாளும் விட்டுக்கொடுத்தவள் அல்ல.

"அட, நெசந்தானா? எம் மக ஊட்டுக்கு நாங்க இந்த மிஷினை வாங்கிக் குடுத்தப்ப, 'எங்கண்ணனுந்தான் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கறாரு'ன்னா உங்க தங்கச்சி. நானு சும்மா பெருமைக்குச் சொல்றான்னு இருந்துட்டேன். ஏனுங்க ஓமலூராரே, நெசந்தானுங்களா?"

கூட்டம் முழுவதும் வெள்ளியங்கிரியைப் பார்த்தது.

அப்படி ஒரு மிஷின் உலகத்தில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். தங்கை அவரிடம் ஒரு சொல் சொன்னதில்லை. கல்யாணமாகிப் போனதிலிருந்து பிறந்த வீட்டில் அவள் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. கேட்கும்படி அவரும் விட்டதில்லை. சீர் என்றால் முறைப்படி, நாள் தவறாமல் வந்து சேரும். ஓமலூர்க் குடும்பத்தில் பொய் பேசமாட்டார்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. இப்போது ஆமாம் என்றால் அவர் பொய்க்காரர். இல்லை என்றால், கோடிச் சேலைக்கு அடியில் கிடப்பவள் பொய்க்காரி.

சேலையின் ஓரத்தைச் சமமாக இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆமா. நாந்தான் வாங்கித் தர்றேன்னு சொன்னேன். தம்பி, பேக்டரி ஆபீஸ்ல போய் உக்காரு. காரியம் முடியட்டும்."

பொன்னாத்தாள் மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

பாடை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வெள்ளியங்கிரி சௌந்திரத்தை அடுக்களைப் பக்கம் அழைத்தார்.

"அம்மிணி, உங்கத்தை அதுல எதை எடுக்கலாம்னு இருந்தா?"

அழுது வீங்கிய முகத்தோடு அவள் சிரித்துவிட்டாள். "படத்தைப் பாத்துப் பாத்துப் பேசிக்கிட்டிருந்தோமுங்க பெரியப்பா. பெருசு, சக்கரம் வெச்சது. சின்னது, தோள்ல மாட்டிக்கிறது. அத்தைக்குச் சின்னதுதான் புடிச்சுது. 'மாடிப்படி ஏறுனாலும் இடுப்புல கொழந்தையாட்டம் கூடவே வருமில்ல'ம்பாங்க."

"அப்பச் சின்னதுதானா?"

"இல்லீங்க. 'எங்கண்ணன் வாங்கற சாமான் சின்னதா இருந்தா அவருக்கு மரியாதையா? பெருசையே எடுக்கச் சொல்லோணும்'னாங்க. இன்னைக்கு நீங்க சந்தைக்கு வாரப்ப, மோரைக் கையில குடுத்துட்டுக் கேக்கறதா இருந்தாங்க. 'மோரைக் கையில வெச்சுக்கிட்டு எப்படி இல்லைன்னு சொல்லுவாரு'ன்னு நேத்தெல்லாம் ஒரே சிரிப்பு."

வெள்ளியங்கிரி துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, சாமி. நீ போ."

எரியூட்டிவிட்டு ஆண்கள் பேக்டரிக் கிணற்று மோட்டாரில் தலை முழுகித் திரும்பினார்கள். தெருமுனையிலேயே வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது, பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவதைப் போல.

உள்ளே சௌந்திரம் முந்தானையைச் செருகிக்கொண்டு, சின்ன மிஷினைத் தோளில் மாட்டியபடி நடுவீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பொரி, பூ, அரிசி எல்லாம் குழாய்க்குள் சடசடவென்று போய்க்கொண்டிருந்தன. பெண்கள் சுவரோரமாகக் காலை இழுத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். குழாய், பொன்னாத்தாளின் முந்தானையைக் கவ்விக்கொண்டது.

"உடுடி. உடச் சொல்லுடி அதை. எம் பொடவையே இதுக்குப் பத்தாதாட்ட இருக்குது."

அருணகிரி ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். ஈர வேட்டிகளோடு ஆண்கள் நிற்பதைக் கண்டதும் சிரிப்பு அடங்கியது.

"கையில கூட்டுனா மாவு முழுசாப் போவலீங்க" என்றாள் சௌந்திரம், யாரையும் பார்க்காமல். "அத்தை பாத்திருந்தா மனசே ஆறியிருக்காது. அதான் நானே ஆபீஸ்ல போய் இதை வாங்கியாந்தேன்."

முந்தானையை மீட்டுக்கொண்ட பொன்னாத்தாளுக்கு முறையும் நினைவுக்கு வந்துவிட்டது. "அதெல்லாஞ் சரி. பொணம் போன பொறகு கூட்டுன சீமாத்தை முச்சந்தியில கொண்டுபோய்ப் போடறது நம்ம ஊட்டு மொறை. இன்னைக்குச் சீமாறு இதுதான். போட்டாகோணும்."

அருணகிரி மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "அம்மா, இது கம்பெனிப் பொருளுங்க. இதை முச்சந்தியில போட்டா என்னையும் பக்கத்துலயே போட்டுருவாங்க."

"அந்தக் குழாய் வாயை மட்டும் கழட்டிப் போட்டாப் போதாதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒரு சீமாத்தை எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்துட்டு அதைப் போட்டுருங்களேன்" என்றார் அப்புசாமி. அன்று முழுவதும் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"சாங்கியத்துலயே ஏமாத்தறதா, தம்பி? செத்தவளுக்கு அதுதான் மருவாதியா?"

பிறந்த வீட்டுப் பொருள் என்பதால் எல்லாரும் வெள்ளியங்கிரியைப் பார்த்தார்கள். அவர் முறையை மீறியும் பேசுபவர் அல்ல, முறைக்காக ஒரு பொருளைத் தெருவில் எறியச் சொல்பவரும் அல்ல.

"அவங்க சொல்றது சரிதான்" என்றார். "கூட்டுன சாமான் இந்த ஊட்டுல இருக்கக் கூடாது."

அருணகிரியின் முகம் வெளிறியது.

"பெருசைப் பிரிக்காம இங்க வெச்சிரு தம்பி. அது ஓமலூர்ச் சீர். சின்னது எங்கூட வருது."

பொன்னாத்தாள் மோவாயில் கை வைத்தாள். "எழவு கூட்டுன சாமானைக் கொண்டுபோயி உங்க ஊட்டுலயா வெப்பீங்க? அது தீட்டுங்க."

"எந்தங்கச்சி ஊட்டுத் தூசி எனக்குத் தீட்டில்லீங்க."

பொன்னாத்தாள் குனிந்து, தன் காலடியில் உருண்டு கிடந்த பிரஷ்ஷை எடுத்துப் புடவையில் துடைத்து அவரிடம் நீட்டினாள். "இதும் அதோட சேர்ந்ததுதானுங்க."

அருணகிரிக்கு உயிர் வந்தது. "ரெண்டுக்கும் சேத்து விலைங்க..."

"எழவு ஊட்டுல விலை பேசுவாங்களா? நாளான்னைக்கு ஓமலூருக்கு வா."

"சின்னதுல புதுசா ஒண்ணு கொண்டாந்து தர்றனுங்க. இது எல்லாத்துக்கும் காட்டறதுக்கு வெச்சிருக்கிறது."

"இதுதான் வேணும்."

"அப்பத் தூசிப் பையையாச்சும் கொட்டிக் குடுத்தர்றேன். காலையில போட்ட புதுப் பைங்க, அதுக்குள்ள ரொம்பிருச்சு."

"இருக்கட்டும்."

இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படும் வழக்கமில்லை. ஏற்றிவைத்த விளக்கைக் கும்பிட்டுவிட்டு வெள்ளியங்கிரி சின்ன மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். தூக்கி வருகிறேன் என்ற அருணகிரியை வேண்டாம் என்றார். கழுத்தை வளைக்காமல், முதுகை வளைக்காமல், குழாய் முழங்காலில் தட்டத் தட்ட அவர் கடைத்தெரு வழியே போனதை ராசிபுரமே பார்த்தது.

சேலம் பஸ்ஸில் கூட்டமில்லை. மிஷினை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னங்க பெரியவரே, நாயனமா? எங்க கச்சேரி?" என்றார் கண்டக்டர். முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். "மேல போட்டுரட்டுங்களா?"

"வேண்டாம். சேலம், ரெண்டு."

"கூட யாருங்க?"

"ரெண்டு குடுங்க."

"அதுக்கு லக்கேஜ் டிக்கெட்டுப் போதுமுங்க. ஆள் டிக்கெட்டு எதுக்கு?"

வெள்ளியங்கிரி நீட்டிய கையை மடக்கவில்லை. கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். ஈரம் காயாத தலையைப் பார்த்தார். இரண்டு டிக்கெட்டுகளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் ஊதினார்.

ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் வெள்ளியங்கிரி. மற்றதை மிஷினின் தோள்வாரில், காற்றுக்குப் பறந்துவிடாதபடி செருகி வைத்தார்.