ஒன்பது முழக் கார்

திண்டிவனத்தில் ஒன்பது முழம் இருந்த தையல்நாயகியின் கார், விழுப்புரம் போய்ச் சேரும்போது ஆறு முழம் இருந்தது. திரும்பி வந்தால் மறுபடி ஒன்பது. 1955, 56 இரண்டு வருஷமும், தினம் இரண்டு நடை, இப்படித்தான் நடந்தது. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுப்புரம் ரயில் ஜங்ஷன். நாலு திசையிலிருந்தும் ஆள் வந்து இறங்குகிற ஊரில் வீட்டு வாடகையும் விறகு விலையும் ஏறத்தான் செய்யும்; விலை ஏறினால் பண்டம் சிறுக்கும். திண்டிவனத்தில் அரையணாவுக்கு உள்ளங்கை நிறைய ஓர் இட்டிலி. அதே அரையணாவுக்கு விழுப்புரத்தில் தட்டில் வந்து விழுவது அந்த இட்டிலியின் பேரன். இட்டிலி சிறுக்கலாம், கார் சிறுக்கக்கூடாதா என்றுதான் மண்டியில் கேட்டார்கள். ஆட்கள் மட்டும் சிறுக்கவில்லை. ஆகவே திண்டிவனத்தில் முன்பின் தெரியாதவர்களாக ஏறியவர்கள், விக்கிரவாண்டி தாண்டியதும் மடிமேல் மடியாக உட்கார்ந்து, சம்பந்திகளைப் போல இறங்கினார்கள். நிஜமாகவே இரண்டு கல்யாணம் அந்தக் காரில் முடிவானது.

தையல்நாயகி மல்லாட்டை மண்டியில் நிலக்கடலைக்குத் தரகு பார்த்தவள். துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆண்களுக்கு நடுவே, சொந்தத் துண்டோடு வந்து உட்கார்ந்த ஒரே பெண்பிள்ளை. அவளிடம் விரல் கொடுத்துவிட்டு எழுந்தவன் மோதிரம் இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வான். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறியபோது, அவர்களில் ஒருவர் விட்டுப்போன பெஜோ காரை, கேட்ட விலையில் பாதிக்கு வாங்கினாள். மாசிலாமணியை டிரைவராக வைத்து டாக்ஸி விட்டாள். இருபது வருஷத் தரகுக் காசு மொத்தமும் அந்த நாலு சக்கரத்தின் மேல் நின்றது.

1957 மார்ச் 31ஆம் தேதியோடு காரின் இன்சூரன்ஸ் முடிகிறது. அதற்குள் புதுச் சான்று வாங்காவிட்டால் டாக்ஸி பர்மிட் பறிபோகும். காரை ஆட்டுக்கொட்டகையாக வைத்துக்கொள்ளலாம். கம்பெனியின் கிளை விழுப்புரம் ஸ்டேஷன் ரோட்டில் இருந்தது. மேனேஜர் பாண்டுரங்கன் மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், தப்பான ஆள் இல்லை, ரூல் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். முழத்துக்கு இவ்வளவு என்று பிரீமியம். அதில் விழுப்புரத்து ரேட், திண்டிவனத்து ரேட்டைப் போல ஒன்றரை மடங்கு. அடிபட்டவனுக்கு மட்டும் பணம் தரும் சின்னப் பாலிசி போதும், என் காரை யாராவது இடித்தால் இடித்தவனை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள் தையல்நாயகி. சரி என்று எழுத உட்கார்ந்த மேனேஜர், ஒன்பது முழம், விழுப்புரம் ரேட் என்று எழுதினார்.

"நீளத்த எங்க ஊர்ல அளந்துட்டு, வெலய உங்க ஊர்ல சொல்றீங்களே சார். எந்தச் சந்தையில இருக்குது இந்த நாயம்?"

"கம்பெனி ரூல்மா. கார் அதோட சொந்த ஊர்ல என்ன நீளமோ அதான் நீளம். எந்த ஊர்ல சம்பாதிக்குதோ அந்த ஊர் ரேட்டுதான் ரேட்டு."

"அப்போ நீங்களும் பொறந்த ஊர்ல, பொறந்தப்ப இருந்த அளவுக்கே சட்ட தெச்சிப் போட்டுக்கினு வாங்க."

சொல்லிவிட்டு மேஜைமேல் துண்டை விரித்தாள். பாண்டுரங்கன் அது இந்தப் பக்கத்து மரியாதை என்று நினைத்து, துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்தார். முதலில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள், பிறகு ஒற்றை விரலை. ஆறு முழம், விழுப்புரத்து நீளத்துக்கு விழுப்புரத்து ரேட். சம்மதமில்லாதவன் விரலை மாற்றிப் பிடிக்க வேண்டும். அசையாமல் வைத்திருந்தால் பேரம் படிந்தது என்று கணக்கு. அயலார் பெண்பிள்ளையின் கையில் விரலை ஆட்டுவது பண்பாகாது என்று பாண்டுரங்கன் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தார். தையல்நாயகி துண்டை மடித்து, முடிந்தது என்றாள். விஷயம் புரிந்ததும் அவர் சிரித்து, கம்பெனிக்குத் துண்டெல்லாம் தெரியாது என்றார்.

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. பேரம் படிந்த மூட்டையை வாங்கியவன் தூக்காமல் இழுத்தடித்தால், அதை அவன் வாசலில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். அதன்பின் எலி தின்றாலும் வெயிலில் எடை குறைந்தாலும் வாங்கியவன் பாடு. மார்ச் 11ஆம் தேதி தையல்நாயகி காரைக் கம்பெனி வாசலில் நிறுத்தி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, படியில் உட்கார்ந்தாள்.

அதுவரை அந்தக் கார் விழுப்புரத்தில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. வந்து போகிறவனை ஊர் ஒருமுறைதான் கடிக்கும். குடியிருப்பவனைத் தினமும் கடிக்கும். நாளுக்குக் கால் முழம் கார் குறைந்தது. பாண்டுரங்கன் மெட்ராஸுக்கு எழுதினார். பொறுத்திருக்கவும், அவளே இறங்கி வருவாள் என்று பதில் வந்தது. பதில் வருவதற்குள் ஒரு முழம் போயிருந்தது, அதற்கான பிரீமியத்தோடு. மறுபடி எழுதினார்; மறுபடி ஒரு முழம் போனது. மூன்று முழத்தில் மாசிலாமணியால் உள்ளே நுழைய முடியவில்லை. இரண்டு முழத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா, சொன்னா கேளு. கேட்டத குடுத்துட்டு எடுத்துக்கினு பூடலாம். இப்பிடியே போச்சுன்னா காரு மூக்குத்தி ஆயிடும்."

"ஆனா மூக்குல போட்டுக்கினு போறேன். கூட ஒரு அணா குடுக்கமாட்டேன்."

சொன்னாளே தவிர, அவள் இரவில் தூங்காமல் பானெட்டின்மேல் கை வைத்தபடியே கிடந்ததை மாசிலாமணி பார்த்திருக்கிறான்.

31ஆம் தேதி காலை கார் ஒரு முழம். பத்து மணிக்கு மெட்ராஸிலிருந்து தந்தி வந்தது: சொந்த ஊர் நீளத்தை விடவும், மிச்சமிருப்பதற்காவது பிரீமியம் வாங்கவும், உடனே. பாண்டுரங்கன் வெளியே வந்து தரையில் குந்தி, ஸ்கேலை வைத்து அளந்து, ஆறு முழத்துக்கே போட்டுவிடலாமே அம்மா என்று தணிந்த குரலில் கேட்டார். குறைந்த எடை யார் பாடு என்று மட்டும் அவள் கேட்டாள். ஒரு முழம், விழுப்புரம் ரேட், ஒரு வருஷத்துக்கு என்று எழுதி முத்திரை குத்தினார். தையல்நாயகி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். வண்டி நடுவில் வளர்ந்தால் மறுபடி அளக்கப்படும் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

சான்றை ரவிக்கைக்குள் வைத்து, காரை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மாசிலாமணியோடு மதிய பாசஞ்சரில் ஏறினாள். டிக்கெட் பரிசோதகர் பார்த்தார். இடுப்பில் வைத்துக்கொண்டு போவதற்கெல்லாம் லக்கேஜ் போட்டதில்லை என்பதால் நகர்ந்துவிட்டார். விக்கிரவாண்டி தாண்டியதும் கார் கனத்தது. பேரணி ஸ்டேஷனில் அது ஒரு ஆள் இடத்தைக் கேட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். மயிலத்தில், இன்னும் கதவில் நுழைகிற அளவாக இருக்கும்போதே, நாலு பேர் கை கொடுத்து இறக்கினார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் அதை நிறுத்திவிட்டு இருவரும் டீ குடித்தார்கள். குடித்து முடிக்கும்போது ஐந்து முழம்.

மலைக்கோயிலில் மொட்டை போட்டுவிட்டு வந்த புருஷனும் பெண்சாதியும் அதுவரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திண்டிவனத்துக்கு என்ன கேட்கிறீர்கள் என்று அந்த ஆள் விசாரித்தான். தையல்நாயகி சொன்னாள். அவன் ஓரணா குறைத்தான். அவள் அரையணா இறங்கினாள்.

"காரு இன்னும் முழுசா வளரலயே," என்றாள் பெண்சாதி.

"ஏறுங்க. ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள வளந்துடும்."

ஏறிக்கொண்டார்கள்.