உதடு அசையும் வரை

வேற்றுமொழித் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது என் தொழில். அதுவும் காதல் நாயகனுக்கு மட்டும். என் தொப்பையையும் வழுக்கையையும் பார்த்துவிட்டு யாரும் இதை நம்புவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னால் நம்புவார்கள்.

தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. தமிழ் வசனம் முடிந்த பிறகும் திரையில் நாயகனின் உதடு அசைந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். நான் "உயிரே" போடுவேன். இன்னும் அசைந்தால் "என் உயிரே." ரசிகைகள் உருகிப்போகிறார்கள். நான் ஓட்டையை அடைக்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டில் அந்தக் குரல் வாயே திறக்காது. மனைவியிடம் நான் பேசுவதெல்லாம் "சாவி எங்க?" ரகம். அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வருகிறவளிடம் கொஞ்சிப் பேசப் பயம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் வெட்கம்.

போன வாரம் அவளுக்கு வெளியூர்க் கிளையில் தலைமைப் பொறுப்பு தருவதாகச் சொன்னார்கள். இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். அவள் இல்லாத வீட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. "உன் இஷ்டம்" என்றேன், மகா பெருந்தன்மையாக.

அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், அதே வாரம் தொடரில் நாயகியும் வெளியூர் வேலைக்குக் கிளம்பினாள். நாயகன் ரயில் நிலையத்துக்கு ஓடிப்போய் அவள் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நீ இல்லாத நான் வெறும் கூடு" என்று கதறுவான். மைக்குக்கு முன்னால் அந்த வரியை நான் நடிக்கவில்லை, நிஜமாகவே சொன்னேன். ஒலிப்பதிவாளர் கைதட்டினார். வீட்டில் நான் சொல்ல வேண்டியதை டிவியே சொல்லிவிடும், நமக்கு வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டேன். பெண்டாட்டியிடம் பேச ஒரு சேனலையே தூது அனுப்பிய புத்திசாலி நான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் காட்சி வந்தபோது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டிக்கெட் கிழிந்தது. நாயகன் அழுதான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரியம் பலித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"பாவம்ங்க அந்தப் பொண்ணு."

"அவளுக்கு என்ன? அவன்தானே அழறான்."

"அவ ஆசைப்பட்ட வேலை. டிக்கெட்டைக் கிழிச்சுட்டு இவன் உக்காந்து அழறான். உனக்குப் போகணுமான்னு ஒரு வார்த்தை கேட்டானா?"

அழுதவனின் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"இவன் மனசுல என்ன இருக்குன்னு ஊருக்கே தெரியும். உங்க மனசுல என்ன இருக்குன்னுதான் எனக்குத் தெரியல."

வாயைத் திறந்தேன். வேலையில் என்றால் எதிரே ஓர் உதடு அசையும், கையில் தாள் இருக்கும், தப்பானால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒன்றுமே இல்லை. வந்த குரலும் நாயகனுடையது இல்லை, எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒன்று.

"நீ போயிட்டா எனக்குப் பயமா இருக்கும். தூக்கம் வராது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். "உனக்குப் போகணுமா?"

"போகணும். ரொம்ப நாள் ஆசை."

"அப்ப போயிட்டு வா."

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "வந்து சேர்ந்துக்கறேன் சார்" என்று சொல்வது கேட்டது. விம்மல், கேவல், ஆண்மை கெடாத ஒற்றைச் சொட்டு என்று எல்லா விதமாகவும் எனக்கு அழத் தெரியும். அன்றைக்கு மூக்குதான் முதலில் ஒழுகியது.

திரும்பி வந்தவள், "என்ன, சளியா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"இல்ல, அழறேன்" என்றேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முந்தானையை நீட்டினாள். பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.