ஏழாம் நம்பர்க் காடு கடலுக்குப் போனது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில், ஈப்போவுக்குத் தெற்கே இருந்த மொட்டைமலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர்க் காடு மலையிலிருந்து கழன்று மேற்கே புறப்பட்டது. ரப்பர் மரங்களும், மரங்களில் கட்டியிருந்த பால் பிடிக்கிற மங்குகளும், கருப்பம்மாளின் புருஷன் சீனியும் அதன்மேல் இருந்தார்கள். அந்த வாரம் ரப்பர் விலை சற்று இறங்கியிருந்ததால் தோட்டத்தில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். காடு என்றால் புலி உலவுகிற காடு அல்ல. மரங்களை வரிசையாக நட்டு நம்பர் போட்ட ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தோட்டத்தில் அதுதான் பெயர். ஏழாம் நம்பர் ஒன்றும் வேகமாகப் போகவில்லை. வயிற்றில் கன்று சுமக்கிற பசு நடக்கிற மாதிரி நடந்தது. மேலே பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாளியைப் போட்டுவிட்டு இறங்கினார்கள், முழங்கால் வலிக்காரர்கள்கூட இறங்கினார்கள். சீனி மட்டும் இறங்கவில்லை. வேலை முடிந்து கொம்பு ஊதும்வரை எவனும் தனக்கு ஒதுக்கிய மரங்களை விட்டு நகரக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். கொம்பு சதாசிவம் கங்காணியின் கையில் இருந்தது. கங்காணியோ பின்தங்கிய மண்ணில் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

காடு கழன்றதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அந்தத் தோட்டத்துத் துரைக்குப் புல் என்றால் ஆகாது. தன் பங்களாவைச் சுற்றிப் புல் விதைத்து, அதற்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு ஆளும் வைத்துக்கொண்டிருந்த அந்த மகாபுத்திசாலி, காட்டில் மட்டும் ஒரு புல்கூட இருக்கக் கூடாது, மண் கண்ணாடி மாதிரித் தெரிய வேண்டும் என்றார். புல்வெட்டுப் பெண்கள் தினமும் மலைச்சரிவைச் சுரண்டினார்கள். ஒரு தளிர் தென்பட்டாலும் கங்காணி அரை நாள் கூலியைப் பிடித்துவிடுவார். கருப்பம்மாள் அந்தக் கூட்டத்தில் முதல் கை. அவள் கைக்குத் தப்பிய புல் கிடையாது. வேரோடு பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணையும் உதறிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். பிறகு மழை வரும். பிடித்துக்கொள்ள ஒரு வேரும் இல்லாத மண் மழையோடு இறங்கி ஆற்றுக்குப் போகும். வருஷா வருஷம் ஆறு சிவந்துகொண்டே போனது, மலை மெலிந்துகொண்டே போனது. துரை குதிரைமேல் ஏறி வந்து பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று கங்காணியைப் பாராட்டிவிட்டுப் போவார். கங்காணி அந்தப் பாராட்டை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பார்.

காடு போன இடத்தில் பெரிய பள்ளம் விழுந்தது. அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை தெரிந்தது. மழை அதைக் கழுவிவிட்டதும் பாறை முழுக்கச் சிப்பியும் சங்கும் பதிந்திருந்ததை லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் பார்த்தார்கள். கருப்பம்மாள் ஒரு சங்கைப் பெயர்த்து முகர்ந்துகூடப் பார்த்தாள். என்றைக்கோ கடலுக்கு அடியில் கிடந்தது எழும்பி மலையாகியிருக்கிறது; மலை இப்போது கரைந்து கடலுக்கே திரும்புகிறது; நடுவில் நேற்று வந்த ஒருவன் அதற்கு நம்பர் போட்டிருக்கிறான். இதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் அதன்மேல் போகிறான் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. காடு கடலுக்குள் இறங்கினால் சீனியும் இறங்குவான். அவனுக்கு நீச்சல் தெரியாது. தெரிந்தாலும் உத்தரவில்லாமல் நீந்த மாட்டான்.

அவள் பள்ளத்தைக் காட்டி, கொம்பு ஊதிப் புருஷனை இறக்கச் சொல்லிக் கங்காணியிடம் கேட்டாள். கங்காணி துரையிடம் கேட்டார். துரை வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அதில் ஏழாம் நம்பர்க் காடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே காடு எங்கும் போகவில்லை, சீனி வேலையில் இருக்கிறான் என்று முடிவானது. இல்லாத காட்டுக்குக் கொம்பு ஊதினால் காடு இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இருக்கிற காட்டுக்கு ஊத வேண்டுமானால் முதலில் அன்றைய பாலை எடை போட்டாக வேண்டும், பாலோ காட்டோடு போய்விட்டது. இப்படி இரண்டு பக்கமும் அடைத்துவிட்டுக் கங்காணி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்தார். தன் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய யோசனையை அவர் செய்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

காடு நாளுக்கு ஒரு லயத்தின் நீளம் நகர்ந்தது. அது போகிற வழியெல்லாம் நிலம் முன்னால் சுருக்கம் விழுந்து மேடாகும், பின்னால் கிழிந்து குளமாகும். கம்பம் என்று சொல்கிற மலாய்க் கிராமத்துக்காரர்கள் குளத்தில் மீன் விட்டார்கள், மேட்டில் மரவள்ளி நட்டார்கள், காட்டின்மேல் இருந்தவனுக்குச் சோறும் கருவாடும் கொடுத்தார்கள். சீனி காலையில் பால் வெட்டுவான், நிறுக்க ஆளில்லாததால் மறுநாள் அதைக் கீழே கொட்டுவான், மறுபடியும் வெட்டுவான். இந்தச் செய்தியெல்லாம் துணி மூட்டையை மாட்டுவண்டியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாக விற்கிற நாகூர் மீரான் கொண்டுவந்தது. சேலை விலையைச் சொல்கிற குரலிலேயே அவர் காடு இருக்கும் இடத்தையும் சொல்வார். இருபத்துநாலாம் ஆண்டில் காடு போத்தாவில் பேராக் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது என்றார்.

கருப்பம்மாள் அன்றே காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் கொட்டகை ஆணியில் தொங்கிய கொம்பை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டு மீரானின் வண்டியில் ஏறினாள். போத்தாவில் காடு ஆற்றில் பாதி இறங்கி நின்றது. சீனி மெலிந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது, கால்சட்டை மட்டும் ஒழுங்காக முழங்காலுக்கு மேல் மடிக்கப்பட்டிருந்தது. அவனைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. அவன்மேல் ஆசை இருந்தது. ஆசை இருந்ததால்தான் அவ்வளவு ஆத்திரமும் இருந்தது. கொம்பை எடுத்துக் கன்னம் புடைக்க ஊதினாள். சீனி கத்தியை இடுப்பில் செருகினான், வாளியை எடுத்தான், விளிம்புக்கு வந்து ஒரு காலைக் கரையில் வைத்தான்.

"கங்காணி எங்க?" என்று கேட்டான்.

"அவரு தோட்டத்துல இருக்காரு. நான்தான் ஊதுனேன்."

"அவரு ஊதச் சொன்னாரா?"

ஒரு பொய் போதும். ஆனால் தாலி கட்டினவனை அவன் காலில் நடக்க வைக்கப் பொய் சொல்வதா என்று அவளுக்குக் கேவலமாக இருந்தது.

"இல்ல," என்றாள்.

சீனி காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "அப்ப எப்படி எறங்குறது? கணக்குல பேர வெட்டிருவாரு லா."

"எறங்குறதுக்குக் காலு போதும்யா. கொம்பு எதுக்கு?"

"நீ போ கருப்பம்மா. மழ வர்ற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு அவன் மரங்களுக்கு நடுவே போய்விட்டான். கருப்பம்மாள் கொம்பை ஆற்றில் வீசினாள். தோட்டத்தில் அதற்காக அவளுக்கு ஒரு வாரக் கூலி போனது. கங்காணிக்குப் புதுக் கொம்பு வந்தது.

இருபத்தாறாம் ஆண்டுக் கடைசியில் பெருவெள்ளம் வந்தது. அதுவரை நடந்துகொண்டிருந்த காடு மிதக்கத் தொடங்கி, ஆயர் தாவாரைத் தாண்டி, சித்தியவானுக்கு அப்பால் கடலோரச் சேற்றில் போய்த் தட்டியது. வெள்ளம் வடிந்ததும் மீரான் வந்து, "தங்கச்சி, இனிமே தள்ளிப்போடாத. கடலுக்கும் அதுக்கும் நடுவுல நாலு மரந்தான் இருக்கு," என்றார். கருப்பம்மாள் தோட்டத்தில் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் வண்டியில் இருந்து பார்த்துக்கொண்டே போனாள். சுரண்டிச் சுத்தமாக வைத்த சரிவுகளெல்லாம் ரோட்டில் வழிந்து கிடந்தன. எவனும் கண்டுகொள்ளாத ரோட்டோர மேடுகள் லாலான் புல்லோடு அப்படியே நின்றன. ஏழாம் நம்பரை மலையிலிருந்து அவிழ்த்துவிட்டது தன் பத்து விரல்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துரைக்கும் கங்காணிக்கும் அவள் வைத்திருந்த வசவில் ஒரு பங்கைத் தனக்கும் எடுத்துவைத்தாள்.

சித்தியவானில் அவள் சீனியிடம் கெஞ்சவில்லை. காட்டுக்கு வெளியே, கெட்டித் தரையில் ஒரு குடிசை போட்டாள். ரோட்டோரத்து லாலானைக் கட்டுக் கட்டாகப் பெயர்த்துக் கொண்டுவந்து காட்டின் விளிம்பு நெடுக நட்டாள். அக்கம்பக்கத்துச் சீனக் குடியானவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். களையை நடுகிற பைத்தியத்தை அவர்கள் அதுவரை கண்டதில்லை. சீனியும் மேலே நின்று பார்த்தான். புல் வைக்க அவனுக்கு உத்தரவில்லை, அதனால் உதவவில்லை. புல் பிடுங்குவது பெண்கள் வேலை, அதனால் பிடுங்கவும் இல்லை. அவள் நீட்டிய சோற்றை மட்டும் வாங்கிக்கொண்டான். சில மாதங்களில் லாலான் மடமடவென்று பரவியது. வேர் காட்டையும் கரையையும் சேர்த்துத் தைத்தது. காடு முதலில் தயங்கியது, பிறகு நின்றது.

நின்ற காட்டைப் பற்றி யாரோ துரைக்குச் சொல்லிவிட்டார்கள். அது மலையை விட்டு ஓடிவந்தது துரைக்கு உறைக்கவில்லை. அதில் லாலான் முளைத்துக் கிடக்கிறது என்பதுதான் உறைத்தது. கம்பெனிக்கு அவமானம் என்று குதித்தாராம். இருபத்தேழாம் ஆண்டு ஆடியில் சதாசிவம் கங்காணி கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக சித்தியவானில் வந்து இறங்கினார். கருப்பம்மாள் நின்றிருந்த பக்கம் பார்க்காமல் காட்டின்மேல் ஏறினார். ஐந்து வருஷமாகத் தனியாகக் கிடந்தவனை எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"என்னடா இது, காடா மாட்டுத் தொழுவமா? புடுங்குடா அத்தனையும்."

"கங்காணி, நான் பால் வெட்டுற ஆளு."

"நான் சொல்றேன்ல. புடுங்கு."

சீனி குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தான். வேர் அறுந்த இடத்தில் தரை பிளந்து கடல் தண்ணீர் கொப்பளித்தது. காடு ஒரு முறை ஆடி, கரையிலிருந்து ஒரு சாண் விலகியது. கருப்பம்மாளுக்கு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. இழுத்தால் அந்த மனிதன் வந்துவிடுவான், அதுவும் அவளுக்குத் தெரியும். அப்புறம் காலமெல்லாம் அவள்தான் இழுத்துக்கொண்டு திரிய வேண்டும்.

"இந்தாய்யா," என்றாள். "ஒரு புல்லு விடாம சொரண்டி இந்தக் கையாலதான் ஒன்னய அனுப்பி வச்சேன். அதே கையாலதான் நட்டு நிறுத்துனேன். இதுக்கு மேல எங்கிட்ட கையி இல்ல. நான் சோறாக்கப் போறேன். வாரதுன்னா வா."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நடப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

சீனி கையில் இருந்த புல்லைப் பார்த்தான். "கங்காணி, எறங்கட்டுமா?"

"எல்லாத்தயும் முடிச்சிட்டு எறங்கு."

எல்லாப் புல்லையும் பிடுங்கி முடித்தால் இறங்குவதற்குக் கரை இருக்காது. இது சீனிக்கே புரிந்தது. சீனிக்குப் புரிந்தது என்றால் எந்த மடையனுக்கும் புரிந்திருக்கும். அவன் புல்லைக் கீழே வைத்தான். கங்காணியின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் ஒரு காலைக் கரையில் வைத்தான், மற்றொரு காலையும் வைத்தான். வானம் இடியவில்லை. குடிசைக்குப் போனபோது உலையில் இரண்டு பேருக்கு அரிசி வெந்துகொண்டிருந்தது. கருப்பம்மாள் அவனைக் கண்டதும் விறகைப் போட்டுவிட்டு அவன் தாடியைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினாள். பிறகுதான் அழுதாள்.

கங்காணி இறங்கியிருக்கலாம். அவரை யாரும் தடுக்கவில்லை. ஆனால் துரை வந்து பார்ப்பதற்குள் காடு சுத்தமாக வேண்டும், பிடுங்கவும் ஆளில்லை. அவர் குடையைச் சாய்த்து வைத்தார், கோட்டைக் கழற்றி மடித்து ஒரு மரக்கிளையில் போட்டார், வாழ்க்கையில் முதல் தடவையாகக் குனிந்தார். தெரியாத வேலையாக இருந்தாலும் நன்றாகத்தான் செய்தார். சாயங்காலத்துக்குள் விளிம்பில் ஒரு புல் மிச்சமில்லை. காடு சத்தமில்லாமல் கரையை விட்டுப் பிரிந்து பங்கோர் தீவுப் பக்கம் போனது. மீன்பிடிக்கப் போனவர்கள் அன்றைக்கு வலையை ஒதுக்கி அதற்கு வழிவிட்டதாகச் சொன்னார்கள். தோட்டத்தில் துரை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கங்காணி ஏழாம் நம்பரில் வேலையில் இருக்கிறார் என்றார்.

சீனிக்கு சித்தியவான் சந்தையில் மீன்கூடை தூக்குகிற வேலை கிடைத்தது. முதலில் சில நாள், சாப்பிட உட்காரலாமா என்று கருப்பம்மாளைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பதில் சொல்வதை நிறுத்தினாள். அவனும் கேட்பதை நிறுத்தினான். குடிசையைச் சுற்றி லாலான் இடுப்புயரம் வளர்ந்தது. வெட்டச் சொல்லி வந்த சுகாதாரக்காரனை அவள் பேச்சாலேயே விரட்டினாள்.

இருபத்தொன்பதாம் ஆண்டில் ஒரு நாள் மீரான் சந்தையில் அவளைப் பார்த்தார். புதுச் சேலை வந்திருப்பதைச் சொன்னார், விலையைச் சொன்னார். பிறகு, ஏழாம் நம்பர்க் காடு சுமத்ராக் கரையில் போய் மோதியதாம், மோதிய இடத்தில் தரை மடிந்து சின்ன மலையாக எழும்பிவிட்டதாம், உச்சியில் ஒரு ஆள் குனிந்தபடியே இருக்கிறாராம் என்றார்.

"அங்கயும் புல்லு மொளைக்கும்ண்ணே," என்று சொல்லிவிட்டுக் கருப்பம்மாள் இறாலுக்குப் பேரம் பேசத் தொடங்கினாள்.