கூப்பிட்ட குரலுக்கு

ஹீட்டர் மெக்கானிக்கின் மனைவிக்குக் குளிர்காலம் என்றாலே ஆகாது. பனியைக் கண்டு பயமில்லை. பனி விழுந்தால் புருஷன் காணாமல் போய்விடுவார், அதுதான். ஊரில் எவர் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் படுத்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற மனிதர். கல்யாணமான நாளிலிருந்து ஒரு குளிர்காலத்தைக்கூட அவள் அவரோடு சேர்ந்து கழித்ததில்லை.

இந்த வருஷம் கடையை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, இருவரும் வெயிலடிக்கிற கடற்கரை ஊருக்கு வந்து ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். குளிர் போகும்வரை இங்கேதான். ஜன்னலைத் திறந்தால் கடல். சாமான்களை இறக்கியதும் மெக்கானிக் செய்த முதல் காரியம், வீட்டில் ஹீட்டர் எங்கே இருக்கிறது என்று தேடியதுதான். இந்த ஊரில் ஏது ஹீட்டர்? மனிதர் கையொடிந்த மாதிரி ஆகிவிட்டார்.

நல்லவேளை, போன் இருந்தது. மாப்பிள்ளையை நம்பாத வாடிக்கையாளர்கள் மாமனாரையே கூப்பிட்டார்கள். அவரும் அரைக்கால் சட்டையோடு மொட்டைமாடியில் நின்று, "இடது பக்க வால்வை மெதுவா திருப்புங்க" என்று வேர்க்க விறுவிறுக்கக் கத்துவார். கீழிருந்து அவள் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் காது மந்தம். கடைசியில் ஒரு நாள் சொல்லிவிட்டாள்.

"இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். இப்படியே போச்சுன்னா நான் பஸ் ஏறிடுவேன். தனியா உக்கார்றதுக்கு எனக்கு எதுக்குக் கடல்?"

"சரிம்மா, சரிம்மா" என்றார். ஊருக்கெல்லாம் சூடு ஏற்றியவருக்கு வீட்டுக்காரி வார்த்தை மட்டும் உறைக்கவில்லை.

வாரம் முடிந்தது. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். மாடியைப் பார்த்து மூன்று தரம் கூப்பிட்டாள். "பம்பு சத்தம் போடுதா?" என்று யாரையோ விசாரிக்கிற குரல்தான் இறங்கி வந்தது. சொல்லாமல் போகவும் மனசு வரவில்லை. எதிர்வீட்டுக்காரியிடம் போனை இரவல் வாங்கிவந்து, வாசலிலேயே நின்று, அவர் பேசி முடித்ததும் அவர் எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தார். "வணக்கம்! சொல்லுங்கம்மா, என்ன ஆச்சு?"

இத்தனை கனிவாக அவர் அவளிடம் பேசி எத்தனை காலம்! சண்டை போடத்தான் கூப்பிட்டாள்; வந்தது விசும்பல்தான்.

"பதறாதீங்கம்மா. வீட்ல தனியாவா இருக்கீங்க?"

"ஆமா" என்றாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

இணைப்பு பட்டென்று அறுந்தது. பிறகு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். செருப்புகூடப் போடாமல் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்த போன் மறுபடியும் அலறியது.

அவர் விரல் பொத்தான் பக்கம் போவதை அவள் பார்த்தாள். ஆனால் அவர் எடுக்கவில்லை. போனை அவளிடம் நீட்டினார். அவள் எடுத்து "ஹலோ" என்றாள்.

"மெக்கானிக் சார் இல்லீங்களா? வீடே உறைஞ்சு கெடக்கு!" என்றது ஊரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் குரல்.

"எங்க மாப்பிள்ளையக் கூப்பிடுங்க, ஓடி வருவார்" என்றாள், பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டே. "இவர் இங்க அவசர வேலையில மாட்டிக்கிட்டார். பனியெல்லாம் உருகினதும் கூப்பிடுங்க."